வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் வைக்கலாமா, வீட்டில் ரெண்டு அம்மாக்களும் வேண்டாம் என்கிறார்கள்

செந்தூல்_மருமகள் கேட்டது:

வணக்கம். ரொம்ப நாளாக மனதைக் குடைந்துகொண்டிருக்கிற விஷயம், இங்கே இருப்பவர்கள் ஒளிவுமறைவில்லாமல் பேசுவீர்கள் என்பதால் கேட்கிறேன். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். காலையில் ஆறரைக்குக் கிளம்பினால் கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ சாலை நெரிசலைத் தாண்டி வீடு வந்து சேர ராத்திரி ஏழரை, சில நாள் எட்டு. பெரியவன் தமிழ்ப்பள்ளி, சின்னவள் பாலர் பள்ளி, மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், அவருக்கு முட்டி வலி. சமையல் எப்படியோ ஓடிவிடுகிறது. ஆனால் தரை, கழிப்பறை, அடுப்படிச் சுவர், விசிறி என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போய்விடுகிறது, சாயங்காலம் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன்.

பக்கத்து பிளாட்டில் இருக்கும் ஒரு தமிழ் அக்கா இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து நான்கு மணி நேரம் செய்து தருகிறேன் என்றார். மணிக்கு 25 வெள்ளி (ரிங்கிட்), மொத்தம் 100. எங்களால் கொடுக்க முடியும், பிரச்சினை காசு இல்லை.

மாமியார் சொல்வது: "ரெண்டு பொம்பளைங்க இருக்கிற வீட்டுக்கு எதுக்கு வேலைக்காரி? நாங்க ரப்பர் எஸ்டேட்ல விடியக்காலையில பால்மரம் வெட்டப் போயிட்டு வந்து வீட்டையும் பார்த்துக்கிட்டோம்." சரி, அவர் அப்படிச் சொல்வார் என்று தெரியும். என் அம்மாவும் வேண்டாம் என்பதுதான் எதிர்பார்க்காதது. பாட்டி எஸ்டேட் துரை பங்களாவில் துணி துவைத்தவர். "நம்ம வீட்டுப் பொம்பளைங்க அடுத்தவன் வீட்ல குனிஞ்சு பெருக்கினது போதாதா, இப்ப நீ இன்னொருத்தியக் குனிய வைக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டார். மாமியாருக்குப் பதில் சொல்லத் தெரிகிறது, இதற்குத் தெரியவில்லை.

கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். ஆள் வைத்திருப்பவர்கள், வைக்காதவர்கள், இந்த வேலையே செய்பவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள். சாமி அறையை என்ன செய்கிறீர்கள், வீட்டுச் சாவி கொடுப்பீர்களா, அதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கெலுகோர்_மணி:

தங்கச்சி, முதலில் அந்த "உன் இஷ்டம்". அது உங்கள் கணவரும் படுத்து எழும் வீடுதானே, அவர் நடக்கிற தரைதானே, இதில் உங்கள் இஷ்டம் மட்டும் எங்கிருந்து வந்தது? நானும் ஆண்தான், கல்யாணமான புதிதில் இருந்து கழிப்பறை இரண்டும் என் பொறுப்பு, யாரும் அதற்காக எனக்கு மாலை போடவில்லை. உங்கள் மாமியார்கூட "ரெண்டு பொம்பளைங்க" என்றுதான் எண்ணுகிறார், மூன்றாவதாக ஓர் ஆம்பளை கை கால் நன்றாக உள்ளவர் அதே வீட்டில் இருப்பது கணக்கிலேயே வரவில்லை. ஆள் வையுங்கள், வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அக்காவிடம் பேசுவது, காசு கொடுப்பது, அவர் வருகிற நாளில் வீட்டில் இருப்பது எல்லாவற்றிலும் கணவரும் பாதி ஏற்கட்டும். இல்லையென்றால் ஞாயிறு வேலை குறையும், அந்த இடத்தில் ஆளை மேய்க்கிற வேலை உங்கள் தலையில் வந்து உட்காரும்.

பாயான்லெப்பாஸ்_கலா:

எஸ்டேட் கதை எல்லா வீட்டிலும் உண்டு. என் அம்மா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பார்த்தவர். 1972இல் அந்த வட்டாரத்தைத் தொழிற்சாலைகளுக்குத் திறந்துவிட்ட பிறகு பினாங்கில் எத்தனை ஆயிரம் பெண்கள் அப்படிப் போனார்கள். வீட்டை யார் பார்த்தார்கள்? பாட்டி பார்த்தார், அக்கா பள்ளி விட்டு வந்து பார்த்தாள், சித்தி பார்த்தார். எல்லாம் பெண்கள், ஒருவருக்கும் ஒரு காசு கிடையாது. உங்கள் மாமியாரைக் கேட்டுப் பாருங்கள், அவர் பால்மரம் வெட்டப் போன நேரத்தில் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுத்தான் போயிருப்பார், ஆயாவுக்கு எஸ்டேட் சம்பளம் கொடுத்தது. தனியாக எல்லாவற்றையும் செய்த பெண் அந்தக் காலத்திலும் இல்லை. இப்போது கூட்டுக் குடும்பம் இல்லை, அக்கா தங்கைகள் ஆளுக்கு ஓர் ஊரில், அந்தக் கைகளுக்குப் பதிலாக ஒரு கைக்குக் காசு கொடுக்கிறோம். அவ்வளவுதான் விஷயம்.

சாமி அறையை எங்கள் வீட்டில் நாங்களே துடைத்துக்கொள்கிறோம், வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்முன் பத்து நிமிட வேலை. வருகிற அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிட்டோம், அவரும் ஒன்றும் நினைக்கவில்லை.

தாமான்_தாத்தா:

நான் வேறு மாதிரி நினைக்கிறேன், கோபப்பட வேண்டாம். எங்கள் வீட்டில் ஆள் வைத்ததில்லை, காசு இருந்தபோதும் வைக்கவில்லை. பிள்ளைகள் மூவருக்கும் ஏழு எட்டு வயதிலேயே ஆளுக்கொரு வேலை. தன் தட்டைத் தானே கழுவத் தெரியாத பிள்ளை நாளைக்கு விடுதிக்குப் போனால் அறை எப்படிக் கிடக்கும் என்று பல்கலைக்கழகத்தில் வார்டன் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும், நன்றாகப் படிக்கிற பையன்கள், அறைக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போக வேண்டும். அதோடு வீடு பளிச்சென்று இல்லாவிட்டால் என்ன? விருந்தாளி வருவார், விசிறியில் தூசி பார்ப்பார் என்று பயந்து பயந்துதான் நம் பெண்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்கிறார்கள். தூசி கொஞ்சம் இருக்கட்டும். ஆள் வைத்தாலும் பெரியவனின் அறையை அவனே கூட்டட்டும் என்பது என் கருத்து.

எச்ஆர்_ரவி:

சட்டம் பக்கம் யாரும் பேசவில்லை, அதனால் நான்.

முதலில் யாரை வைக்கிறீர்கள் என்று பாருங்கள். உள்ளூர்க்காரர் என்றால் சிக்கல் இல்லை. வெளிநாட்டுப் பெண் என்றால் அவருடைய பெர்மிட் ஒரு முதலாளிக்கும் அந்த வீட்டுக்கும் மட்டும்தான். "என் வீட்டு பிபிக்கை (வேலைக்கார அம்மாவை) சனிக்கிழமை அனுப்புகிறேன், காசு என்னிடம் கொடுத்துவிடு" என்று தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) சிலர் செய்வது சட்டப்படி தவறு. செல்லுபடியாகும் பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் குடிநுழைவுச் சட்டம் 55பி பிரிவின் கீழ் ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நிறுவனம் மூலம் ஆள் எடுத்தாலும் வருகிறவரின் பெர்மிட் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

அடுத்து, நம் நாட்டில் வீட்டு வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்பு எவ்வளவு குறைவு என்று பலருக்குத் தெரியாது. குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளி ஆனது, அந்த ஆணை வீட்டு வேலையாட்களுக்குப் பொருந்தாது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் வார விடுமுறை, வேலை நேரம், பொது விடுமுறை பற்றிய பிரிவுகளிலும் அவர்கள் இல்லை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதவில்லை என்றால் 14 நாள் நோட்டீஸில் நிறுத்திவிடலாம். சிங்கப்பூரில் 2013 முதல் வெளிநாட்டு வீட்டு வேலையாட்களுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை கொடுக்க வேண்டும் என்று விதி வைத்துவிட்டார்கள், அந்த நாளில் வேலை செய்தால் அதற்குத் தனிக் காசு. இங்கே இந்தோனேசியாவோடு 2022 ஏப்ரலில் போட்ட ஒப்பந்தத்தில் அவர்களுடைய பெண்களுக்கு மாதம் 1,500 வெள்ளி என்று வந்தது. ஒரு நல்ல மாற்றம், 2021 ஜூன் முதல் வீட்டு வேலையாட்களும் சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள், வேலை செய்யும்போது விழுந்து அடிபட்டால் அது உண்டு. நேரடியாகச் சம்பளத்துக்கு ஆள் வைக்கிறவர் பதிய வேண்டும். பல வீடுகளில் மணிக்கணக்கில் செய்கிற அக்காக்களுக்கு இன்னொன்று சொல்லலாம், இபிஎப்பில் (ஊழியர் சேமநிதியில்) ஐ-சாரான் திட்டம் இருக்கிறது, அவர்களே முடிந்ததைப் போட்டால் அரசாங்கமும் கொஞ்சம் சேர்த்துப் போடும்.

பிஎம்_வாசி:

வீட்டோடு ஆள் வைப்பதற்கும் வந்து போகிறவரை வைப்பதற்கும் நிறைய வித்தியாசம். 2018இல் இங்கே புக்கிட் மெர்தாஜாமில் ஓர் இந்தோனேசியப் பெண்ணை ஒரு வீட்டிலிருந்து மீட்டார்கள், உடம்பெல்லாம் காயம், வாசலில் நாயோடு படுத்திருந்தார் என்று செய்தி வந்தது, மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வழக்கு 2022இல் கூட்டரசு நீதிமன்றம் வரை போய் முதலாளியின் விடுதலையில் முடிந்தது. அது நடந்த ஊரில் இருக்கிறவன் நான், இன்னும் மறக்க முடியவில்லை. கதவுக்குள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாத வேலை இது. உங்கள் பிளாட் அக்கா நான்கு மணி நேரம் செய்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விடுவார், பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை வரமாட்டார். அந்தச் சுதந்திரம் அவரிடம் இருக்கிற வரைக்கும் உங்கள் அம்மா பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை.

கெப்போங்_அக்கா:

நான் இந்த வேலை செய்கிறவள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவின் மனசு எனக்குப் புரிகிறது. அவர் பார்த்தது துரை பங்களா. பாட்டியால் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியாது, குடியிருந்த லயமே (எஸ்டேட் வரிசை வீடே) அவர்களுடையது. நான் ஐந்து வீட்டுக்குப் போகிறேன், எந்த வீட்டுக்குப் போவது எதை விடுவது என்று நான்தான் முடிவு செய்கிறேன், இதில் வந்த காசில்தான் என் மகள் டிப்ளோமா முடித்தாள். குனிந்து பெருக்குவதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. எனக்கு வலிப்பது வேறு. ஒரு வீட்டில் டீ கொடுப்பார்கள், வீட்டு ஆட்கள் எல்லாம் எவர்சில்வர் டம்ளரில் குடிப்பார்கள், எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் கப், அது பாத்திரக் கழுவு தொட்டிக்குக் கீழே, துடைக்கிற துணிகளுக்குப் பக்கத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். அவர்களும் தமிழர்கள்தான், கோவிலில் பார்த்தால் சிரித்துப் பேசுகிறவர்கள்தான். அந்த வீட்டை விட்டுவிட்டேன். சீன வீடுகளில் எனக்கு அப்படி நடந்ததில்லை, வேலையைப் பார்ப்பார்கள், காசைக் கொடுப்பார்கள், முடிந்தது. நம் ஆட்களிடம்தான் இந்தத் தனி டம்ளர் புத்தி கப்பலேறி வந்து இன்னும் போகாமல் இருக்கிறது. செந்தூல் தங்கச்சி, உங்கள் வீட்டில் எல்லோரும் குடிக்கிற டம்ளரில் அந்த அக்காவுக்கும் டீ கொடுங்கள், அதை உங்கள் அம்மா ஒரு நாள் வந்து பார்க்கட்டும்.

இன்னொன்று, காலையில் எட்டு மணிக்கு வாட்சப்பில் "இன்னைக்கு வேண்டாம் அக்கா, வெளியே போறோம்" என்று அனுப்புவது. அந்த நாளை உங்களுக்காக ஒதுக்கி இன்னொரு வீட்டை வேண்டாம் என்றிருப்பேன். ரெண்டு நாள் முன்னாடி சொல்லுங்கள், இல்லையென்றால் பாதிக் காசாவது கொடுங்கள். தீபாவளிக்கு முன்னால் அலமாரி, திரைச்சீலை, சீலிங் எல்லாவற்றையும் அதே நான்கு மணி நேரத்தில் அதே காசுக்குக் கேட்பார்கள், அதுவும் கூடாது. எனக்கும் தீபாவளிதான், என் வீட்டிலும் முறுக்கு சுட வேண்டும்.

நான்கு மணி நேரத்தில் என்ன முடியும் என்று சொல்கிறேன். மூன்று அறை வீட்டில் கூட்டித் துடைத்து, கழிப்பறை இரண்டும் தேய்த்து, அடுப்படி மேடையும் அடுப்பும் துடைக்கலாம். விசிறியோ ஜன்னலோ வேண்டுமென்றால் அன்றைக்கு வேறு ஒன்றைக் குறையுங்கள். தாளிக்கும்போது தெறிக்கிற எண்ணெய் அடுப்புக்குப் பின்னால் டைல்ஸ் இடுக்கில் மஞ்சளாக இறுகிப் போயிருக்கும், முதல் தடவை அதற்கே ஒரு மணி நேரம், சுடுதண்ணீரில் பாத்திரச் சோப்பு கலந்து துணியை நனைத்து ஒட்டிவைத்து ஊற விட்டுத்தான் எடுக்க முடியும். அதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் செய்கிறாள் என்று நினைக்காதீர்கள். மாடி வீடு என்றால் ஜன்னலின் வெளிப்பக்கத்தை யாரையும் துடைக்கச் சொல்லாதீர்கள், நான் எவ்வளவு கொடுத்தாலும் செய்வதில்லை.

சுத்தம் செய்கிற மருந்துகளை நீங்களே வாங்கி வையுங்கள், ஆனால் குளோரோக்ஸ் பிளீச்சையும் கழிப்பறைக்கு ஊற்றுகிற ஆசிட்டையும் சேர்த்து ஊற்றச் சொல்லாதீர்கள். ரெண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், சின்னக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தால் மூச்சு அடைத்துவிடும். "நல்லா வெள்ளையாகும்" என்று ஒரு வீட்டில் ரெண்டையும் எடுத்துக் கொடுத்தார்கள், நான் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மார்பிள் தரை இருந்தால் வினிகர் வேண்டாம், பளபளப்பு போய்விடும்.

சாவி பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் சில தடவை ஆள் இருக்கும்போது வரச் சொல்லுங்கள், அது எங்களுக்கும் நல்லது. வீட்டில் ஏதாவது காணவில்லை என்றால் முதலில் எங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நகை, பணத்தைப் பூட்டி வைத்துவிட்டால் ரெண்டு பேருக்கும் நிம்மதி.

செந்தூல்_மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. கெப்போங் அக்கா எழுதியதை அப்படியே அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். டம்ளர் இடம் வந்ததும் பேசாமல் இருந்தார், அப்புறம் "காசைக் குறைச்சுக் கேக்காத" என்று மட்டும் சொன்னார். நான் குறைத்துக் கேட்கப் போவதில்லை.

மணி அண்ணன் சொன்னதைக் கணவரிடமும் காட்டினேன். அந்த அக்கா வருகிற சனிக்கிழமை காலையில் அவர்தான் வீட்டில் இருப்பார், காசும் அவர் கையால்தான். பெரியவனின் அறை இனி அவன் பொறுப்பு, தாத்தா. மாமியார் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறார், சாமி அறையை யாரும் தொடமாட்டார்கள் என்றதும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்.

ஒரு கேள்வி மட்டும், அக்கா. முதல் தடவைக்கு நான்கு மணி நேரம் போதுமா, ஆறாகக் கேட்கட்டுமா? அடுப்புக்குப் பின்னால் நீங்கள் சொன்ன அதே மஞ்சள்தான்.

கெப்போங்_அக்கா:

ஆறு கேளுங்கள். நடுவில் அரை மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள், சாப்பாட்டு நேரம் என்றால் சோறும் போடுங்கள். முந்தின நாள் ராத்திரியே அடுப்பு மேடையில் இருக்கிற பாட்டில்களை எடுத்து வைத்துவிட்டால் அந்த அக்காவுக்கு இருபது நிமிடம் மிச்சம்.