டீத்தூளில் சாயம்: பிரிக்காத பாக்கெட்டை வைத்துப் புகார் கொடுக்கலாமா?

நாங்கள் கோத்தகிரி பக்கம். பத்து நாள் முன்னால் ஊட்டியில் ஒரு கடையில் கால் கிலோ டீத்தூள் இரண்டு பாக்கெட் வாங்கினோம், சுற்றிலும் தேயிலைத் தோட்டத்தை வைத்துக்கொண்டு கலப்பட டீ குடித்தோம் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பச்சைத் தண்ணீரில் போட்ட உடனே சிவப்பாக இறங்குகிறது. ஈர டிஷ்யூ பேப்பரில் தூவினால் அங்கங்கே ஆரஞ்சுத் திட்டு. மூன்று நாள் குடித்ததில் அம்மாவுக்கு வயிற்றெரிச்சல். இதனால்தானா தெரியாது, நிறுத்திவிட்டோம்.

கவரில் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இல்லை, பேக் செய்த தேதியும் இல்லை. பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டுதான். திரும்பப் போய்க் கேட்டால், "எல்லாருக்கும் இதேதாங்க கொடுக்கறேன்" என்கிறார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் நேற்று பதிவு செய்தாயிற்று. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி வாங்கியவரே கட்டணம் கட்டிப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம், மாதிரி தேறாவிட்டால் பணம் திரும்ப வரும். சரி, ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டுமாம். டீத்தூள் வாங்கப் போகிறவர் யார் அப்படிச் சொல்வார்?

ஒரு பாக்கெட் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. அதையே கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்களா, இல்லை கடையில் சொல்லிவிட்டுப் புதிதாக வாங்கித்தான் கொடுக்க வேண்டுமா?