ஸ்டீபன் கரியின் கணுக்காலைக் காப்பாற்றியது ஆபரேஷனா, பயிற்சியா?

ஹாஃப்கோர்ட்:
என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) 2011–12 சீசனில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் 66 ஆட்டத்தில் கரி இறங்கியது வெறும் 26. அடுத்த நாலு சீசனும் 78, 78, 80, 79. நடுவில் வலது கணுக்காலில் இரண்டு ஆபரேஷன் (2011 மே, 2012 ஏப்ரல்). அதிலேயே சரியாகிவிட்டதா, இல்லை உடம்பு அசையும் விதத்தையே மாற்றினார்களா? ஷாட்டைக்கூட (பந்தைக் கூடைக்கு வீசும் விதத்தை) காயத்துக்கு அப்புறம்தான் மாற்றினார் என்கிறார்களே? பள்ளிப் பசங்களுக்கு இதிலிருந்து எதை எடுக்கலாம்?

பேஸ்லைன்:
ஷாட் கதை தப்பு. அது பள்ளிக்கூடத்திலேயே, 10ஆம் வகுப்பு முடிந்த கோடையில் அப்பா டெல் கரி மாற்றிக்கொடுத்தது. அதுவரை பந்தை இடுப்புப் பக்கத்திலிருந்து தூக்கி விடுவார். ஆள் ஒல்லி, உயரமும் இல்லை; தடுப்பவன் கை நீட்டினாலே பந்து போய்விடும். அதைத் தலைக்கு மேல் கொண்டுபோனார்கள். பழகும் வரை கூடைக்குப் பக்கத்திலிருந்து மட்டும்தான் போட முடிந்தது. இன்றைக்கும் ஒரே வீச்சில் வரும் ஷாட் அது. எம்பும்போதே பந்து கையை விட்டுவிடும், உச்சிக்குப் போகும் வரை காத்திருக்காது.

ஆபரேஷனைப் பொறுத்தவரை, முதலாவதில் கிழிந்த லிகமென்ட்டை (எலும்புகளைப் பிணைக்கும் நார்) சரிசெய்தார்கள். இரண்டாவதில் திறந்து பார்த்தால் லிகமென்ட் உறுதியாகவே இருந்தது. தழும்புத் திசுவையும் எலும்புத் துணுக்குகளையும் சுத்தம் செய்து மூடினார்கள், அவ்வளவுதான். "புதுக் கணுக்கால் வைத்தார்கள்" என்று சிலர் சொல்வதெல்லாம் சும்மா.

ஜிம்பாய்:
பெரிய மாற்றம் இடுப்பில். கரி சட்டென்று திசை திருப்பும்போது சுமை முழுக்கக் கணுக்காலில் இறங்கும். அப்போதைய வாரியர்ஸ் உடற்பயிற்சியாளர் கீகீ லைல்ஸ் அந்தச் சுமையை இடுப்புக்கும் பின்தொடைக்கும் மாற்றினார். ட்ராப் பார் டெட்லிஃப்ட்டில் (அறுகோணக் கம்பிக்குள் நின்று தரையிலிருந்து எடை தூக்குவது) 400 பவுண்டு (சுமார் 180 கிலோ) தூக்கும் அளவுக்குக் கரி வந்தார். அவர் எடைக்கு இரண்டு மடங்கு!

பசங்களுக்கு எடை வேண்டாம், முதலில் குனியக் கற்றுக்கொடுங்கள். ஒரு குச்சியை முதுகோடு பிடிக்கச் சொல்லுங்கள்: பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் தொட வேண்டும். பின்னால் இருக்கும் கதவைப் பிட்டத்தால் தள்ளுவதுபோல இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோகணும். 8 முறை, 3 சுற்று. குச்சி வால் எலும்பை விட்டு விலகினால் கீழ்முதுகு வளைகிறது என்று அர்த்தம். முழங்கால் முன்னே போனால் அது வெறும் உட்கார்ந்து எழுவது, இடுப்புக்கு வேலையே இல்லை. சரியாக வந்த பிறகு ஒற்றைக் காலில்.

கார்னர்த்ரீ:
பிரேஸை (கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் உறை) மறந்துட்டீங்க. கரி ஆட்டத்தில் இரண்டு கணுக்காலிலும் போடுகிறார். டேப் சுற்றினால் வியர்வையில் அரை மணிக்குள் தளர்ந்துவிடும். பிரேஸ் என்றால் இடைவேளையில் இழுத்துக் கட்டிக்கலாம். உயரமான ஷூ மட்டும் போட்டுக் காப்பாற்ற முடியாது.

இன்னொன்று, பணம். இந்தக் கணுக்காலால்தான் 2012 அக்டோபரில் 4 வருஷத்துக்கு வெறும் 44 மில்லியன் டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். அந்த சீசனிலேயே 272 த்ரீ (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) போட்டு, ஒரு சீசனில் ரே ஆலன் வைத்திருந்த 269 சாதனையை முறியடித்தார்! 2015, 2016 இரண்டு எம்விபியும் (லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது) அதே ஒப்பந்தத்தில். 2016இல் ஒவ்வொரு அணிக்கும் லீக் வைத்த சம்பள உச்சவரம்பு 70 மில்லியனிலிருந்து 94 மில்லியனுக்குத் தாவியபோது நட்சத்திர ஆட்டக்காரர் கெவின் டுரன்ட்டைக் கொண்டுவர வாரியர்ஸுக்கு இடம் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கரிக்கு 2017இல்தான் 5 வருஷம், 201 மில்லியன்.

ஹாஃப்கோர்ட்:
நன்றி. ஒருமுறை புரண்ட காலோடு வரும் பையனுக்கு எதில் ஆரம்பிப்பது?

ஜிம்பாய்:
வீக்கமும் வலியும் போனதும் ஒற்றைக் காலில் 30 நொடி நிற்க வையுங்கள், பிறகு கண்ணை மூடி. புரண்ட காலில் தள்ளாட்டம் கூடுதலாக இருந்தால் ஆட்டத்துக்கு அனுப்பாதீர்கள். அடுத்து ஒற்றைக் காலில் குதித்து, இறங்கின இடத்தில் 3 நொடி அசையாமல் நிற்கணும். பல சமயம் புரள்வது ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு) எம்பி இன்னொருவன் பாதத்தின் மேல் இறங்கும்போது. அதனால் இறங்கும் பயிற்சியில் யாராவது தோளில் லேசாக இடிக்கட்டும்.