வல்லரசுகளின் இழுபறியில் வன்னிக்கு என்ன மிஞ்சுகிறது?

பரந்தன் கடைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நேற்றுத் தேநீர்க்கடையில் தொடங்கிய வாக்குவாதம் படுக்கப்போகும் வரைக்கும் தலைக்குள் ஓடியபடியால் இங்கே கொண்டுவந்து போடுகிறேன்.

எனக்குப் பரந்தனில் சின்ன ஹாட்வெயார் கடை. கிழமைக்கு இரண்டு தரம் சாமான் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் போவேன். டித்வா புயலில் ஏ-35 வீதியில் பாலம் போனபோது சுற்றுப்பாதையில் ஓடி ஓடி உழைத்ததெல்லாம் டீசலுக்கே சரி. பிறகு 2025 டிசம்பரில் இந்திய இராணுவப் பொறியியல் படையினர் வந்து இரும்புப் பாலம் பூட்டினார்கள். 120 அடி நீளம், 110 தொன், விமானத்தில் கொண்டு வந்தது. லொறி ஏறினால் அடித்தட்டு கடகடக்கும், அந்தச் சத்தம் இப்போது எனக்குப் பழகிவிட்டது. அதைக் கடந்து ஏ-9 இல் ஏறினால், அது சீனக் கடனில் சீன நிறுவனம் திருத்திய வீதி. பக்கத்தில் ஓடும் ரயில் பாதை இந்தியாவின் இர்கொன் நிறுவனம் போட்டது. அம்மா இருப்பது இந்திய வீட்டுத்திட்ட வீட்டில், ஐந்தரை இலட்சம் கிடைத்தது, சீமெந்து விலை ஏறின ஏற்றத்தில் மிச்சத்துக்கு அம்மாவின் காப்பு அடைவுக்குப் போனது, வெளிச்சுவருக்கு இன்னும் பூச்சில்லை.

விஷயம் இதுதான். இந்தியா, சீனா, அமெரிக்கா மூன்றும் போட்டி போடுவதால்தான் இவ்வளவாவது வந்தது, போட்டி நன்றாக நடக்கட்டும் என்கிறார் ஒருவர். மற்றவர், அதே போட்டியால் ஒரு நாள் போர்க்கப்பல் எங்கள் வாசலில் வந்து நிற்கும் என்கிறார். யார் சொல்வது சரி? யானைகள் சண்டை போட்டால் புல் நசுங்கும் என்ற கதையை மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம், கடையில் ஏற்கெனவே மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்.

வவுனியா வாத்தியார்:

தம்பி, இரண்டு பேரும் பாதியைத்தான் சொல்கிறார்கள். கப்பல் முல்லைத்தீவில் வந்து நிற்காது, அதற்கு அங்கே ஆழமான துறைமுகமும் இல்லை. கப்பல் நிற்பது தெற்கே அம்பாந்தோட்டையில், சத்தம் கேட்பது இங்கே. 2017 டிசம்பரில் அந்தத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. 2022 ஓகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீன ஆய்வுக் கப்பல் அங்கே கட்டியபோது டில்லி கொதித்தது. அதே வருடம்தான் பெற்றோலுக்கும் மருந்துக்கும் காசில்லாமல் நின்ற கொழும்புக்கு இந்தியா ஏறத்தாழ 4 பில்லியன் டொலர் பெறுமதியான உதவி செய்துகொண்டிருந்தது. கொழும்பு கப்பலை முதலில் கொஞ்சம் பிந்தி வரச் சொன்னது, பிறகு வர விட்டது. 2024 முழுக்க எந்த நாட்டு ஆய்வுக் கப்பலும் வேண்டாம் என்றது. இரண்டு வீட்டிலும் கைமாற்று வாங்கிவிட்டு இரண்டு பேருக்கும் முகம் கொடுக்காமல் ஒழுங்கையால் போகிற மனிசன் மாதிரி.

ஆனால் எங்களுக்குப் பாடம் அதைவிடப் பழையது. 1987 யூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம் என்றால் எங்கள் ஆட்களுக்கு அரசியலமைப்பின் 13ஆம் திருத்தமும் மாகாண சபையும்தான் நினைவுக்கு வரும். அன்றைக்கே ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்த்தனவும் மாற்றிக்கொண்ட கடிதங்களை எடுத்து ஒருதரம் வாசியுங்கள். திருகோணமலையோ வேறு எந்தத் துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவத் தேவைக்கும் கொடுபடாது, அங்கே இருக்கும் எண்ணெய்த் தாங்கிகளைக் கூட்டாகத் திருத்துவது, வெளிநாட்டு வானொலி நிலையங்கள் உளவு வேலைக்குப் பயன்படாமல் பார்ப்பது. அந்த நாளில் டில்லியின் தலையிடி சீனா இல்லை, அமெரிக்காதான். எதிராளி மாறிவிட்டான், கடிதத்தில் எழுதியது மாறவில்லை.

இனிக் கணக்குப் பாருங்கள். 2022 ஜனவரியில் அந்த 99 தாங்கிகளுக்கும் ஒழுங்கு வந்தது: 14 இந்தியாவின் லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. வடக்கு மாகாண சபைக்கோ 2013 செப்டெம்பரில் ஒரு தேர்தல், 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை, ஆளுநர்தான். ஒரே நாளில் ஒப்பமிட்ட இரண்டு கடதாசியில் எதை யார் விடாமல் துரத்திக்கொண்டு போனார்கள் என்று இதிலேயே தெரிகிறது.

வலைப்பாட்டுக் கடலோடி:

வாத்தியார் பெரிய கடலைச் சொல்கிறார், நான் முழங்கால் தண்ணீரைச் சொல்கிறேன். 2021இல் சீனக் கூட்டுக் கம்பனி ஒன்று கௌதாரிமுனையில் கடலட்டைப் பண்ணை போட்டது. தடி நட்டு வலை கட்டி அடைத்தால் அதற்குள் நாங்கள் வலை விட முடியாது, மீன் கரைக்கு ஏறும் வழியும் மறிபடும். எங்கள் சங்கத்து ஆட்கள் கேட்டது அவ்வளவுதான். இரண்டு கிழமையில் பார்த்தால் அது இந்தியாவுக்கு எதிரான சீனத் தளம் என்று பேப்பரில் வருகிறது, டிவிக்காரன் வருகிறான், கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தடி எந்த இடத்தில் நடலாம், யாரைக் கேட்டு நட வேண்டும் என்ற எங்கள் கதையைக் கேட்க ஒருவரும் இல்லை. இப்போது பண்ணை போட்டிருப்பது எங்கள் ஆட்கள். வலையும் அதே வலை, மறிப்பும் அதே மறிப்பு. அட்டையை அவித்து உப்புப் போட்டுக் காயவைத்தால் போய்ச் சேரும் இடமும் அதே சீனாதான். இப்போது டிவிக்காரன் வருவதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வரும் றோலருக்கு, அதுதான் இழுவைப்படகுக்கு, வருவோம். திங்கள், புதன், சனி. இந்த மூன்று நாளும் இரவில் பார்த்தால் இரணைதீவுக்கு அங்கால் லைற் வரிசையாக நிற்கும், ஊர்த் திருவிழா மாதிரி. இந்த நாட்டில் இழுவைமடித் தொழில் 2017இல் சட்டத்தால் தடை. அங்கேயும் ஏப்ரல் 15இல் இருந்து 61 நாள் கடலுக்குப் போகத் தடை, அந்த இரண்டு மாதமும்தான் நாங்கள் முழு வலையும் இறக்கித் தொழில் செய்வது. ஒரு இரவில் வலையை அறுத்துக்கொண்டு போனால் ஒரு வருட உழைப்பு போச்சு. இதைக் கதைத்தால், இந்தியாவோடு முறைக்காதே, நாளைக்கு ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில், அவன் தேவை என்கிறார்கள் எங்கள் அரசியல்வாதிகள். சீனத் தூதரகம் வலையும் அரிசியும் கொடுத்தால் ஓடிப்போய் வாங்காதே, இந்தியா கோபிக்கும் என்கிறார்கள். தம்பி, யாருக்குக் கோபம் வராமல் நாங்கள் சோறு தின்பது?

மன்னார்க் காற்று:

கடலோடி அண்ணை சொன்னதுதான் எங்கள் ஊரிலும். மன்னார், பூநகரி இரண்டிலும் சேர்த்து 484 மெகாவாட் காற்றாலை, இந்தியாவின் அதானி கம்பனி, 442 மில்லியன் டொலர், 2023 பெப்ரவரியில் அனுமதி. அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம், இருபது வருடத்துக்கு. இந்த விலை கூட என்று சொன்னவன் எல்லாம் அப்போது சீனாவின் ஆள். மன்னார்த் தீவு மத்திய ஆசியாவிலிருந்து பறவைகள் வரும் வழியில் இருக்கிறது, அதைப் பாருங்கள் என்றவனும் சீனாவின் ஆள். புதிய அரசாங்கம் விலையைத் திரும்பப் பேசுவோம் என்றது, 2025 பெப்ரவரியில் கம்பனி தானே விலகிக்கொண்டது. உடனே, இதோ சீனா வென்றது என்று எழுதினார்கள்.

சரி, அதற்குப் பிறகு என்ன நடந்தது? அதே வருடம் ஓகஸ்டில் மன்னாரில் நாள் கணக்காகப் போராட்டம், புதிய காற்றாலை வேண்டாம் என்று. அதைப் போட வந்தவர்கள் இந்தியாவும் இல்லை, சீனாவும் இல்லை, தெற்கிலிருந்து வந்த உள்நாட்டுக் கம்பனிகள். ஏற்கெனவே நிற்கும் தம்பபவனித் திட்டத்தின் 30 காற்றாலைகளும் மின்சார சபை போட்டவைதான். சனம் சொன்னது மழைத் தண்ணீர் ஓடும் வழியைப் பற்றி, வீட்டுக்குப் பக்கத்தில் கோபுரம் வருவதைப் பற்றி, பறவையைப் பற்றி. வல்லரசுப் போட்டி என்று ஒரு பெரிய போர்வை கிடைத்துவிட்டால் கொழும்புக்கு வசதி. விலை கேட்டாலும் காணி கேட்டாலும் அந்தப் போர்வையை எடுத்து மூடிவிடலாம்.

உறவு_ரொறன்ரோ:

எல்லோரும் இந்தியாவைக் குறை சொல்லுங்கள். இந்தியா இல்லாவிட்டால் எங்களுக்கு நாதி இல்லை, வடக்கில் சீனாவை உள்ளே விட்டால் எங்கள் கதை முடிந்தது. புல், யானை எல்லாம் தெரிந்ததுதானே.

கனகராயன்:

அண்ணை, கடைக்காரத் தம்பி அந்த யானைக் கதையை வேண்டாம் என்றது உங்கள் கண்ணில் படவில்லைப் போல. எனக்கும் அந்தக் கதையில் ஒரு பிரச்சினை இருக்கிறது. நாங்கள் நசுங்கியபோது யானைகள் சண்டை போடவில்லை, எல்லாம் ஒரு பக்கம் நின்றன.

போர்க்காலத்தில் மேலே வந்து அடித்த கிபிர் விமானம் இஸ்ரேல் செய்தது. மிக் 27 உக்ரேனிலிருந்து வந்தது. எவ்-7 சீனாவுடையது. கடலில் நின்ற போர்க்கப்பல்களில் சயுர இந்தியா கொடுத்தது, சமுதுர அமெரிக்கா கொடுத்தது. பங்கருக்குள் இருந்த எங்களுக்குச் சத்தத்தை வைத்து எது கிபிர், எது மிக் என்று பிரிக்கத் தெரியும், சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். எந்த நாடு எந்த நாட்டுக்குப் பகை என்பதுதான் அந்தச் சத்தத்தில் தெரியவில்லை.

போர் முடிந்து பத்து நாள்கூட இல்லை, 2009 மே 27, ஜெனீவாவில் இலங்கையைப் பாராட்டிய தீர்மானத்துக்கு 29 வாக்கு ஆதரவு, 12 எதிர்ப்பு, 6 நடுநிலை. அந்த 29க்குள் இந்தியா, சீனா, பாகிஸ்தான், ரஷ்யா, கியூபா எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பக்கம் கை தூக்கியதைப் பார்க்க எங்கள் பிணம் தேவைப்பட்டது. பிறகு 2012இல் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது, சீனா எதிர்த்தது. ஏன்? அதற்கிடையில் கொழும்பு பீஜிங் பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது, தமிழ்நாட்டிலும் கொதிப்பு. 2014இல் இந்தியா நடுநிலை. 2018இல் அமெரிக்கா அந்தப் பேரவையைவிட்டே எழும்பிப் போனது. ஆகவே கடைக்காரத் தம்பி, போட்டி நல்லதா என்று என்னைக் கேட்டால், அவர்கள் ஒற்றுமையாக இருந்த நாளைவிட நல்லது என்று மட்டும் சொல்வேன். அதற்கு மேல் ஒரு சதமும் கூடச் சொல்லமாட்டேன்.

முகமாலைக்காரி:

இங்கே வாசிக்க மட்டும்தான் வருவேன், இன்றைக்கு எழுத வேண்டும் போல இருக்கிறது. நான் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்கிறேன், எங்கள் அணியில் பாதிக்கு மேல் பெண்கள், கனபேர் குடும்பத்தைத் தனியே பார்க்கிறவர்கள். முழங்காலில் இருந்து, முகத்துக்குக் கண்ணாடி போட்டு, றேக்கால் மணலை மெல்ல மெல்ல வழித்து எடுக்க வேண்டும். வெயிலில் கண்ணாடிக்குள் வியர்வை வடியும், துடைக்க ஏலாது. நாங்கள் எடுக்கும் பி4 என்ற மிதிவெடி பாகிஸ்தானில் செய்தது. 72 என்பது சீனா. புலிகள் இயக்கம் உள்ளூரில் செய்ததும் பக்கத்திலேயே கிடக்கும். எடுக்கிற எங்களுக்குச் சம்பளம் வருவது அமெரிக்கா, ஜப்பான், பிரிட்டன் மாதிரியான நாடுகளின் காசில். 2025 ஜனவரியில் அமெரிக்கா எல்லா நாட்டுக்குமான உதவியை நிறுத்தி வைத்ததே, அந்தக் கிழமை எங்கள் பக்கத்துக் களத்தில் சிவப்புத் தடியை நட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். இங்கே ஒரு பிழையும் நடக்கவில்லை, போட்டியும் நடக்கவில்லை, எங்கேயோ ஒரு கையெழுத்து. என்னோடு படித்த ஒருத்தி மகனின் ரியூசன் காசுக்கு அன்று மாலை என்னிடம் வந்தாள்.

சீனாவும் இந்தியாவும் பார்க்கும்படி உயரமாக ஏதாவது கட்டுவார்கள். இது மண்ணுக்குள் இருப்பதை எடுக்கும் வேலை, திறந்து வைக்கவும் ஒன்றும் இல்லை. அதனால்தானோ தெரியாது.

பரந்தன் கடைக்காரன்:

அக்கா, நீங்கள் எழுதியதைக் கடையில் சத்தமாக வாசித்தேன், அந்த இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒருவர், அப்படியென்றால் நாங்கள் யாரிடம் எதைக் கேட்பது என்றார். வாத்தியார், இதற்கு ஒரு பதில் தாருங்கள்.

வவுனியா வாத்தியார்:

யாரிடம் வாங்குவது என்பது எங்கள் கையில் இல்லை, அது கொழும்பு பார்த்துக்கொள்ளும். எதை, எப்படி என்பதில் வாய் திறக்கலாம், சில நேரம் பலிக்கும். 2018இல் யாழ்ப்பாணத்தில் 40,000 வீடு கட்ட ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள், கொங்கிறீற்றுப் பலகை வீடு. சனம் கல்வீடுதான் வேண்டும் என்று நின்றது. டில்லிக்கும் பிடிக்கவில்லை என்பது உண்மை, ஆனால் கல்வீடு கேட்டது டில்லி இல்லை. அந்த வருடமே திட்டம் கைமாறியது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளின் சூரிய மின் திட்டத்தில் அது நடக்கவில்லை. 2021 ஜனவரியில் சீன நிறுவனத்துக்குக் கொடுத்து, டிசம்பரில் மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை என்று சொல்லி நிறுத்தி, இந்தியாவின் நன்கொடையாக மாற்றி, 2024 மார்ச்சில்தான் இந்தியக் கம்பனியோடு ஒப்பந்தம். நெடுந்தீவுச் சனம் மூன்று வருடம் காத்திருந்ததற்கு யார் பொறுப்பு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க ஒரு மாகாண சபையாவது இருந்திருக்க வேண்டும். கடலோடித் தம்பி, உங்கள் சங்கம் தடி நடும் எல்லைக்கு ஒரு வரைபடம் கேட்டு எழுத்தில் கொடுத்ததா?

வலைப்பாட்டுக் கடலோடி:

கொடுத்தோம் மாஸ்டர், மூன்று தரம். கடைசியாகக் கொடுத்ததன் பிரதி என்னிடம் இருக்கிறது, படம் எடுத்துப் போடுகிறேன். நேரம் இருக்கிறது, இன்றைக்குப் புதன், நான் கடலுக்குப் போகவில்லை.