வேர்ஜினியாவின் கடற்படைத் தளம் யார் கணக்கில்?

குளக்கட்டு:
நேற்று இங்கே ஒருவர் அளந்துவிட்டிருக்கிறார்: அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி மாநிலங்கள் மத்திய அரசுக்கு வரி கட்டுகின்றனவாம், குடியரசுக் கட்சி மாநிலங்கள் அந்தக் காசில் இருந்து சாப்பிடுகின்றனவாம். நியூ ஜெர்சியில் உள்ள மச்சான் சொல்லியிருப்பார். சரி, வேர்ஜினியா? 2008 முதல் எல்லா ஜனாதிபதித் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சிக்குத்தான் வாக்கு. கட்டுவதைவிடப் பெறுவதுதான் அதிகம். பதில் சொல்லட்டும்.

மாங்குளத்தான்:
அந்த ஒருவர் நான்தான் அண்ணை, பெயரைச் சொல்லியே திட்டலாம். மச்சான் அல்ல, அக்கா. ஏழைகளின் மருத்துவச் செலவுக்கான மெடிக்கெயிட் திட்டத்தில் குடியரசுக் கட்சி மாநிலமான மிசிசிப்பிக்கு நான்கில் மூன்று பங்குக்கு மேல் மத்திய அரசு கொடுக்கிறது. ஜனநாயகக் கட்சி மாநிலமான நியூயோர்க்குக்குப் பாதிதான். போதுமா?

குளக்கட்டு:
வேர்ஜினியாவைக் கேட்டேன். மிசிசிப்பியைச் சொல்கிறீர்.

மாங்குளத்தான்:
வேர்ஜினியாவில் படைத் தலைமையகமான பென்டகன் இருக்கிறது, நோர்போக் கடற்படைத் தளம் இருக்கிறது. அது நாட்டின் பாதுகாப்புச் செலவு, மாநிலத்துக்குக் கொடுத்த உதவியா?

குளக்கட்டு:
அப்படியென்றால் குடியரசுக் கட்சி மாநிலமான கென்டக்கியின் படைமுகாம்களையும் கழியும். புளோரிடா முதியவர்களின் ஓய்வூதியத்தையும் கழியும், அதில் பலர் நியூயோர்க்கில் உழைத்துக் கட்டிய காசு. உமக்குப் பிடித்த மாநிலம் என்றால் பாதுகாப்பு, பிடிக்காவிட்டால் பிச்சையா?

வவுனிக்குளத்துப் பிள்ளை:
மாநிலம் வருமான வரி கட்டுவதில்லையே, ஆட்கள்தானே கட்டுகிறார்கள்? வருமானம் கூடியவர்கள் கனெக்டிகட்டில் அதிகம், அதனால் வரியும் அதிகம். கட்சிக்கும் அதற்கும் என்ன?

குளக்கட்டு:
பாடம் பிறகு நடத்துங்கள், தங்கச்சி. தம்பி இன்னும் வேர்ஜினியாவுக்கு வரவில்லை.

மாங்குளத்தான்:
வந்துவிட்டேன். உங்கள் கணக்குப்படி, முல்லைத்தீவில் இராணுவ முகாம்களுக்குக் கொழும்பு செலவழிப்பதும் எங்களுக்குக் கிடைத்த நிதிதானே? நன்றிக் கடிதம் எழுதுவோமா?

குளக்கட்டு:
அதை இதற்குள் இழுக்காதேயும். அங்கே தளத்தை மூடப்போகிறார்கள் என்றால் அந்த மாநிலத்துச் செனட்டர்களே குறுக்கே நிற்பார்கள், வேலை போய்விடும் என்று. இங்கே முகாமை எடுங்கள், காணியை விடுங்கள் என்று சனம் வீதியில் இருந்தது. கேட்டு வாங்கியதும் கேளாமல் வந்து குந்தியதும் உமக்கு ஒன்றா?

மாங்குளத்தான்:
ஆகா, இப்போது செலவில் இரண்டு வகை வந்துவிட்டது! அதைத்தானே நான் முதலில் சொன்னேன்?

குளக்கட்டு:
நீர் சொல்லவில்லை. நீர் மிசிசிப்பி என்றீர்.

ஒட்டுசுட்டான் வாத்தியார்:
1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு வந்த, மாகாணங்களுக்கு நிதி பரிந்துரைக்கும் நிதி ஆணைக்குழு எங்களுக்கும் இருக்கிறது. அது பரிந்துரைப்பதில் வட மாகாணத்தின் கைக்கு வருவது எவ்வளவு? அதைப் பேசலாமே.

குளக்கட்டு:
மாஸ்டர், கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்கலாம் என்று இங்கே நின்று வாதாடியவர் நீங்கள். பங்கீடு பற்றி நீங்கள் வாய் திறக்காமல் இருப்பது நல்லது.

ஒட்டுசுட்டான் வாத்தியார்:
குடிக்கத் தண்ணீர் கேட்டவனுக்கு இல்லை என்பதா உங்கள் நியாயம்?

குளக்கட்டு:
குடிக்க என்றுதான் தொடங்குவார்கள். கோடைச் சிறுபோகத்தில் குளத்தின் கீழ் எத்தனை பேருக்கு விதைக்கக் கிடைக்கிறது என்று கமக்காரர் அமைப்பில் போய்க் கேளுங்கள். ஒட்டுசுட்டானில் இருந்து பார்த்தால் அது தெரியாது.