பிரீஸ் ட்ரையர் மூடியில் வெடிப்பு, பம் ஒயில் பால் நிறம்: என்ன செய்யலாம்?

கேள்வி (கிளிநொச்சி)
ஆய்வுகூடத்தில் பிரீஸ் ட்ரையரில் (உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தும் கருவி) முருங்கை இலைச் சாறு உலர்த்துகிறோம். 70 சதவீத எதனோலில் ஊறவைத்து வடித்தது. கொண்டென்சர் (ஆவியைப் பனியாகப் பிடிக்கும் குளிர்ப்பகுதி) மைனஸ் 50 பாகை செல்சியஸ் காட்டுகிறது, ஆனால் உள்ளே அமுக்கம் இறங்குவதில்லை. பம் ஒயில் வெளுத்துவிட்டது. இப்போது அக்ரிலிக் மூடியில், வால்வு பொருத்தும் துளைகளைச் சுற்றித் தலைமயிர் போல வெடிப்புகள். புது மூடி வரச் சுணங்குமாம். அதுவரை சிலிக்கன் பூசி ஓட்டலாமா?

பதில் (வவுனியா)
மீன்தொட்டிக்குப் பூசுகிற சிலிக்கன் நன்றாகப் பிடிக்கும், பூசிப் பாருங்கள்.

பதில் (முல்லைத்தீவு, கருவி திருத்துபவர்)
தயவுசெய்து பூச வேண்டாம். 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மூடியை, உள்ளே வெற்றிடமானதும் வெளிக்காற்று கிட்டத்தட்ட 700 கிலோ பாரத்தோடு அழுத்தும். சிலிக்கன் கசிவை அடைக்கும், பலம் தராது. மூடி உள்நோக்கிச் சிதறினால் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் ஆபத்து.

உங்கள் மூன்று பிரச்சினைக்கும் எதனோல்தான் காரணம் என்று நினைக்கிறேன். அது உறைவது மைனஸ் 114இல். உங்கள் கொண்டென்சரில் அது பனியாகப் பிடிபடாது. ஆவி நேரே பம்முக்குப் போய் ஒயிலைக் கெடுக்கும். தகட்டில் சாறும் முழுதாக உறையாமல் நுரைத்துப் பொங்கியிருக்குமே? அக்ரிலிக்குக்கோ எதனோலும் அசற்றோனும் ஆகாது. மூடியை ஸ்பிரிட்டால் துடைப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

முதலில் ரோட்டரி எவாப்பரேற்றரில் (குடுவையைச் சுழற்றிக் குறைந்த அமுக்கத்தில் ஆவியாக்கும் கருவி) எதனோலை ஓட்டிவிட்டு, மிஞ்சியதைத் தண்ணீரில் கலந்து உறையவையுங்கள். பம் ஒயிலை மாற்றி, காஸ் பலஸ்ட் (பம்முக்குள் சிறிது காற்று விட்டு ஆவியை வெளியேற்றும் வால்வு) திறந்து சற்று நேரம் வெறுமனே ஓடவிடுங்கள்.

கேட்டவர்
பொங்குவது உண்மைதான் அண்ணா, தகட்டு விளிம்பெல்லாம் பச்சையாக ஒட்டிக் கிடக்கும். றப்பர் வளையமும் ஊதியிருக்கிறது. விட்டன் றப்பர் வளையம் போடவா?

பதில் (முல்லைத்தீவு)
எதை உலர்த்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விட்டன் ஒயிலுக்கு நல்லது, அசற்றோன் பட்டால் ஊதும். ஈபிடிஎம் என்ற மற்ற றப்பர் அதற்கு நேர்மாறு. அசற்றோன் பாவிக்காவிட்டால் விட்டன் போடலாம்.

கேள்வி (வவுனியா)
நாங்கள் நாவற்பழச் சாயத்துக்கு மெதனோலோடு ஐதரோகுளோரிக் அமிலம் சேர்க்கிறோம். கொண்டென்சர் ஸ்டெயின்லெஸ்தானே, தாங்காதா?

பதில் (முல்லைத்தீவு)
தாங்காது. அந்த அமிலத்தில் உள்ள குளோரைட் 316 ரக ஸ்டெயின்லெஸ்ஸையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். சாயம் தாங்குமென்றால் சித்திரிக் அமிலத்துக்கு மாறுங்கள். இல்லாவிட்டால் பம்முக்கு முன் அமில ஆவியை உறிஞ்சும் சோடா லைம் பொறி ஒன்று வைத்து, ஒவ்வொரு ஓட்டமும் முடிந்து பனி உருகியதும் கொண்டென்சரை நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். மெதனோலை உலர்த்தத் தொடங்குவதற்கு முன்பே ஓட்டிவிட வேண்டும், அது எதனோலை விட லேசில் ஆவியாகும்.