சி.பி. முத்தம்மா: வழக்கும் தூதர் பணியும், தெரிந்தவர்கள் பகிருங்கள்

பழைய கோப்பு:
தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அநேகம் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'முத்தம்மா வழக்கில் ஜெயித்தார்' என்று எழுதிவிடுகிறார்கள். தீர்ப்பைக் கடைசி வரை புரட்டினால், மனு தள்ளுபடி என்று இருக்கும்.

நடந்தது இதுதான். 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் அவர். முப்பது வருட சர்வீஸுக்குப் பிறகு முதல் நிலைக்கான பதவி உயர்வில் தகுதி போதாது என்று ஒதுக்கினார்கள். பெண் என்பதால் பாரபட்சம் என்று, அரசியலமைப்பின் 32ஆவது பிரிவின்கீழ் நேரே உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அரசு மறுபரிசீலனை செய்து உயர்வைக் கொடுத்துவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டதால் மனு தள்ளுபடி. ஆனால் இடைப்பட்ட சில மாதங்களில் அவருக்கு இளையவர்கள் மேலே போய்விட்டார்கள் அல்லவா? அதனால் பணிமூப்பை மறு ஆய்வு செய்யும்படி உத்தரவு. 1979 செப்டம்பர் 17, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். முன்பு தகுதிக் குறைவு என்று சொன்னது சரியா தவறா என்பதற்குள் நீதிமன்றம் போகவே இல்லை.

விதிப்புத்தகம்:
மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வழக்கில் பேசப்பட்ட வெளியுறவுப் பணி விதிகள் இரண்டு, இரண்டும் வேறு வேறு தொகுப்பில் இருந்தவை. பலர் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

நடத்தை, ஒழுங்கு விதிகள் 1961இல் 8(2): பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு, குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆளெடுப்பு, பதவி உயர்வு விதிகளில் 18(4): மணமான பெண்ணுக்கு இந்தப் பணியில் நியமனம் கேட்க உரிமை கிடையாது.

18(4) தீர்ப்புக்கு ஆறு வருடம் முன்பே, 1973 நவம்பர் 12இல் நீக்கப்பட்டுவிட்டது. 8(2)ஐ நீக்கும் அறிவிப்பு அரசிதழில் வரப்போகிறது என்று அரசே பிரமாணப் பத்திரத்தில் சொன்னது. 'நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது' என்று எழுதினால் மார்க் போகும். சமத்துவம், அரசு வேலையில் சம வாய்ப்பு பற்றிய 14, 16ஆம் பிரிவுகளுக்கு முரண் என்று நீதிபதி காட்டமாகக் கண்டித்தார், அது உண்மை. அதே மூச்சில், எல்லா வேலையிலும் எல்லாச் சூழலிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று பொதுப்படையாகச் சொல்லவில்லை என்றும் ஒரு பத்தி எழுதியிருக்கிறார். மேற்கோள் காட்டுபவர்கள் அந்தப் பத்தியை வசதியாகத் தாண்டிவிடுவார்கள்!

குடகு மிளகு:
சின்னக் குறிப்பு. 'சி' என்பது சோனிரா, குடும்பப் பெயர். 'பி' பெள்ளியப்பா, அப்பா பெயர். குடகில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். ஊர் விராஜ்பேட்டை. கல்லூரிப் படிப்பு சென்னையில்: மகளிர் கிறித்தவக் கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரி.

நெறிமுறை:
தூதர் பணி பற்றி யாரும் தொடவில்லையே. 1970இல் ஹங்கேரி, பிறகு கானா, கடைசியாக நெதர்லாந்து. 'முதல் இந்தியப் பெண் தூதர்' என்றால் தப்பு, 1947இலேயே விஜயலட்சுமி பண்டிட் மாஸ்கோவுக்குத் தூதராகப் போய்விட்டார். அது அரசியல் நியமனம். தேர்வெழுதிப் படிப்படியாக ஏறி வந்தவர்களில் முதல் பெண் தூதர் முத்தம்மா.

கானா காமன்வெல்த் நாடு, ஆகவே அங்கே தூதர் பதவியின் பெயர் ஹை கமிஷனர். நெதர்லாந்தில் தூதரகம் இருப்பது தி ஹேக் நகரத்தில், தலைநகர் ஆம்ஸ்டர்டாமில் இல்லை.

நியமன வரிசையும் முக்கியம். முதலில் பெயரை ரகசியமாக அனுப்பி அந்த நாட்டின் சம்மதம் கேட்பார்கள். தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் 4ஆவது பிரிவுப்படி மறுத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை, அதனால்தான் சம்மதம் வரும்வரை பெயர் வெளியே கசியக் கூடாது. பிறகு, இவர்தான் எங்கள் தூதர் என்று சொல்லி நம் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட நற்சான்றுப் பத்திரம். போய் இறங்கியதும் அதன் நகல் வெளியுறவு அமைச்சகத்துக்கு, அசல் நாட்டுத் தலைவர் கையில். தூதர்களுக்குள் யார் முன், யார் பின் என்பது பொறுப்பேற்ற தேதியையும் நேரத்தையும் வைத்துத்தான். அனுப்பிய நாடு பெரியதா சிறியதா என்பதற்கு அங்கே இடமில்லை.

பழைய கோப்பு:
ஹை கமிஷனர் விஷயம் நல்ல குறிப்பு. ஓய்வு பெற்ற ஆண்டையும் சேர்த்துவிடுகிறேன்: 1982. மறைவு 2009 அக்டோபர், பெங்களூரு.