லண்டன்: ரயிலிலேயே போய்ப் பார்க்க வித்தியாசமான மியூசியங்கள்?

கேள்வி:
லண்டனில் ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்க எனக்கு ஓய்வு. பிரிட்டிஷ் மியூசியம் பார்த்தாயிற்று. சின்னதாக, விசித்திரமாக ஏதாவது சொல்லுங்கள். டாக்ஸி வேண்டாம்.

பதில் 1:
கண்ணை மூடிக்கொண்டு சர் ஜான் சோன் மியூசியம். ஹோல்பர்ன் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் போதும். கட்டடக் கலைஞரான சோன் 1837-இல் இறந்தபோது வீடு எப்படி இருந்ததோ, அப்படியே இருக்கிறது. அதற்காக 1833-லேயே நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் வாங்கிவிட்டார் மனிதர்! கீழ்த்தளத்தில் எகிப்திய மன்னர் முதலாம் சேத்தியின் கல் சவப்பெட்டி. பக்கத்தில் நின்று உட்புறத்தைப் பாருங்கள். பொடிப்பொடி சித்திர எழுத்துகள். நான் அங்கிருந்து நகர அரைமணி ஆனது. அனுமதி இலவசம். ஆனால் திங்கள், செவ்வாய் விடுமுறை.

பதில் 2:
அப்போ செவ்வாய்க்கு ஹார்னிமன் மியூசியம். கனடா வாட்டர் ஸ்டேஷனில் ஓவர்கிரவுண்டு ரயில் பிடித்து ஃபாரஸ்ட் ஹில்லில் இறங்குங்கள். அங்குள்ள பாடம் செய்த வால்ரஸுக்கு (தந்தமுள்ள பெரிய கடல் விலங்கு) ஒரு சுருக்கம்கூடக் கிடையாது. பாடம் செய்தவர்களுக்கு அதன் தோல் மடிப்புகள் பற்றித் தெரியாததால், பலூன் மாதிரி அடைத்துவிட்டார்கள்.

கேட்டவர்:
வால்ரஸே சரி. சோன் வீட்டுக்காக ஊர் திரும்புவதை ஒருநாள் தள்ளிப்போடுகிறேன். ரயில் டிக்கெட்?

பதில் 1:
நாள் முழுக்க ஸ்டேஷன் வாசலில் ஒரே வங்கி கார்டைத் தட்டுங்கள். ஒரு நாளைக்கான கட்டண உச்சவரம்பு வந்ததும் அப்புறம் காசு பிடிக்காது. நடுவில் கார்டுக்குப் பதில் போனைத் தட்டினால் அது தனிக்கணக்கு.